‘போ’ என்று சொன்னது யார்?

தங்கச்சிமடத்தில் ரோட்டைக் கடக்க யாரும் கோடு தேடுவதில்லை. பாம்பன் பாலத்தில் இறங்கி ராமேஸ்வரம் போகிற தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. வீடு ஒரு பக்கம் என்றால் மளிகைக் கடை மறுபக்கம். பள்ளிக்கூடம் ஒரு பக்கம் என்றால் பஸ் நிற்பது மறுபக்கம். மீன் கூடையோடு வரும் பெண்கள், டி.வி.எஸ். ஐம்பதில் ஐஸ் பெட்டி கட்டிப் போகிறவர், மல்லிகை நாற்றுக் கட்டைச் சுமந்து வருபவர், நடுநடுவே ஆடுகள். இவ்வளவுக்கும் ஊடாகத்தான் தீர்த்தமாட வந்த வடநாட்டுப் பேருந்துகளும் தனுஷ்கோடி பார்க்கக் கிளம்பிய கார்களும் போகின்றன. கடக்க வேண்டியவர் கையைக் கொஞ்சம் தூக்கி, வருகிற வண்டிக்காரரின் கண்ணைப் பார்ப்பார். அவர் தலையை அசைப்பார், இல்லையென்றால் லைட்டைப் போட்டு அணைப்பார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். தானாக ஓடும் கார்களைப் பற்றி இங்கே பேசுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். ஆனால் பாதி தானாக ஓடும் கார்கள் எங்கள் ரோட்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. 2021ல் மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 700 வந்தது முதல், முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைப்பதும், கோடு தாண்டினால் ஸ்டியரிங்கைத் தானே திருப்புவதும் நடுத்தர வர்க்கத்துக் கார்களில் சாதாரணமாகிவிட்டன. மீதிப் பாதி எப்போது வரும் என்பதுதான் கேள்வி. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று 2017லும் 2023லும் சொன்னார். அவர் சொன்ன காரணம் ஓட்டுநர்களின் வேலை. நியாயமான காரணம்தான். ஆனால் அது காருக்குள் இருப்பவரைப் பற்றியது. என் கவலை காருக்கு முன்னால் நிற்பவரைப் பற்றியது.

தனுஷ்கோடிக்குப் பல வருடமாக வேன் ஓட்டுகிற ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். 2017ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வருவதற்கு முன்னால், ஈர மணலின் நிறத்தைப் பார்த்தே எங்கே சக்கரம் புதையும் என்று கண்டுபிடித்து ஓட்டியவர்களில் ஒருவர். “ஆடு குறுக்க வந்தா ஆட்டப் பாக்கக் கூடாது தம்பி. அது பின்னாடி ஒரு பய ஓடி வருவான், அவனத் தேடணும்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மெசினே ஓட்டிட்டுப் போகட்டும். எனக்கென்ன. எம் பேரனத் தட்டிட்டுப் போனா நான் யாரு சட்டயப் பிடிக்கிறது? அத மட்டும் சொல்லு” என்றார்.

தத்துவப் பேராசிரியர்கள் கேட்ட கேள்வியை விட இது நல்ல கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

*

பேராசிரியர்கள் கேட்டது வேறு. 1967ல் பிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி ஒரு கட்டுரையில் கடிவாளமற்ற டிராம் வண்டியைக் கற்பனை செய்தார். நேரே போனால் ஐந்து பேர் சாவார்கள், திருப்பினால் ஒருவர் சாவார். ஓட்டுபவர் என்ன செய்ய வேண்டும்? இந்தப் புதிர் ஐம்பது வருடம் வகுப்பறைகளில் சுற்றிவிட்டு, தானாக ஓடும் கார் வந்ததும் புது உயிர் பெற்றது. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதை ஓர் இணைய விளையாட்டாக்கினார்கள். பிரேக் பிடிக்காத கார். ஒரு பக்கம் கிழவி, மறுபக்கம் குழந்தை. ஒரு பக்கம் மருத்துவர், மறுபக்கம் திருடன். யாரைக் காப்பாற்றுவாய்? உலகம் முழுவதிலுமிருந்து சுமார் 4 கோடி முடிவுகள் சேர்ந்தன. 2018ல் நேச்சர் இதழில் வந்த அந்த ஆய்வு, முதியவரை விட்டு இளையவரைக் காப்பாற்றும் விருப்பம் மேற்கு நாடுகளில் அதிகம், கிழக்கு ஆசிய நாடுகளில் குறைவு என்றெல்லாம் சொன்னது.

படிக்கச் சுவாரசியமான ஆய்வு. ஆனால் அதில் ஒரு பெரிய அனுமானம் ஒளிந்திருக்கிறது. கார் எல்லாவற்றையும் சரியாகப் பார்த்துவிட்டது, முன்னால் நிற்பது கிழவி, அருகில் நிற்பது குழந்தை என்று அதற்குத் தெரியும், இனி தேர்ந்தெடுப்பது ஒன்றுதான் பாக்கி என்ற அனுமானம். ஜெர்மனி அரசு அமைத்த நெறிமுறைக் குழு 2017லேயே இந்த வழியை அடைத்தது. தவிர்க்க முடியாத விபத்தில் வயது, பாலினம், உடல்நிலை என்று பார்த்து ஆளை எடைபோட இயந்திரத்துக்கு அனுமதி கிடையாது என்று அது விதி எழுதியது. சரியான விதி. ஆனால் உண்மையில் நடந்த சாவுகளைப் பார்த்தால், இயந்திரம் யாரையும் எடைபோட்டுக் கொல்லவில்லை என்பது தெரிகிறது. முன்னால் இருப்பது ஆள் என்றே அது தெரிந்துகொள்ளவில்லை.

2018 மார்ச் 18, இரவு பத்து மணி அளவில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டெம்பி நகரத்தில், எலெய்ன் ஹெர்ஸ்பெர்க் என்ற 49 வயதுப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானாக ஓடும் வால்வோ கார் அவர் மேல் மோதியது. அவர் இறந்தார். தானாக ஓடும் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். அந்த நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் செய்த விசாரணை அறிக்கை எல்லோரும் படிக்க வேண்டியது. மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் ஒரு கணம் வாகனம் என்றது, ஒரு கணம் ஏதோ பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது. பெயரை மாற்றும் ஒவ்வொரு முறையும், அதுவரை அந்த உருவம் எப்படி நகர்ந்து வந்தது என்ற கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. வால்வோவில் கம்பெனியே பொருத்தியிருந்த அவசர பிரேக், கணினி ஓட்டும்போது வேலை செய்யாதபடி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோடு இல்லாத இடத்தில் ஒரு மனிதர் ரோட்டைக் கடப்பார் என்ற எண்ணமே அந்த மென்பொருளில் இல்லை.

கோடு இல்லாத இடத்தில் கடப்பதற்கு அமெரிக்க ஆங்கிலத்தில் தனியாக ஒரு சொல் இருக்கிறது. ஜேவாக்கிங். நூறு வருடங்களுக்கு முன் கார்கள் பெருகி, ரோட்டில் சாவுகளும் பெருகியபோது, பழியை வண்டியிலிருந்து நடப்பவர் மேல் திருப்புவதற்குக் கார்த் தொழில் சார்ந்தவர்கள் அந்தச் சொல்லைப் பரப்பினார்கள் என்று பீட்டர் நார்ட்டன் என்ற வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியிருக்கிறார். தமிழில் அந்தக் குற்றத்துக்குப் பெயரே கிடையாது. நாம் அதை ரோட்டைக் கடப்பது என்றுதான் சொல்கிறோம். டெம்பியின் கார் எதை நினைத்துப் பார்க்கவில்லையோ, அதைத்தான் தங்கச்சிமடத்தில் எல்லோரும் காலையிலிருந்து இரவு வரை செய்துகொண்டிருக்கிறார்கள்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் ஓட்டுநர் இல்லாத ரயில்கள் வருகின்றன. டெல்லியில் 2020லேயே வந்துவிட்டன. அவற்றைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. அங்கே தண்டவாளத்துக்குள் ஆடு வராது, சிறுவன் வரமாட்டான். இயந்திரத்துக்கு ஏற்றபடி உலகத்தைச் சுவர் கட்டிப் பிரித்துவிட்டோம். ரோட்டில் அப்படிப் பிரிக்க முடியாது. பிரித்தால் அது ஊராக இருக்காது.

*

டெம்பியில் நடந்தது இத்தோடு முடியவில்லை. யார் பதில் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும்.

நிறுவனத்தின் மேல் குற்ற வழக்குப் போட முகாந்திரம் இல்லை என்று 2019ல் அரசு வழக்கறிஞர் அலுவலகம் சொல்லிவிட்டது. காருக்குள் ஒரு பெண் இருந்தார். இயந்திரம் தவறினால் குறுக்கிட வேண்டியது அவர் வேலை. அந்த நேரத்தில் அவர் போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் வழக்கு வந்தது. 2023ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். அவர் செய்தது தவறு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பிரேக்கை நிறுத்தி வைத்தது அவர் இல்லை. மனிதர் கோட்டில்தான் கடப்பார் என்று எழுதியது அவர் இல்லை. மணிக்கணக்காகத் தானே ஓடும் வண்டியில் ஒரு ஆளைச் சும்மா உட்காரவைத்தால் கவனம் சிதறும் என்பது தெரிந்தும், அந்த நாற்காலியை அமைத்தது அவர் இல்லை.

மேட்லின் கிளேர் எலிஷ் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு உவமை சொன்னார். காரின் முன்பகுதி, மோதும்போது தான் நசுங்கி உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும்படி செய்யப்பட்டிருக்கும். தானியங்கி அமைப்புகளில் மனிதரை அந்த நசுங்கும் பகுதியாக வைக்கிறோம் என்றார். அடி அந்த ஆள் மேல் விழும், அமைப்பு தப்பிக்கும்.

நம் ஊரிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2024 நவம்பரில், உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே ராம்கங்கை ஆற்றின் மேல் பாதியில் அறுந்து நின்ற ஒரு பாலத்திலிருந்து கார் கீழே விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். கூகுள் மேப் காட்டிய வழியில் வந்தார்கள் என்று செய்திகள் சொல்லின. வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி முன்பே போய்விட்டிருந்தது. வழியை அடைத்துத் தடுப்பு வைக்கப்படவில்லை. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மேல் வழக்குப் பதிவானது, மேப் நிறுவனத்தின் மேலும் விரல் நீண்டது. அந்தக் காரை மனிதர்தான் ஓட்டினார். ஆனால் ‘போ’ என்று சொன்னது வேறொன்று. ‘நில்’ என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை.

*

வண்டி மோதி ஓர் உயிர் போனால் யார் பதில் சொல்வது என்ற கேள்வி தமிழுக்குப் புதிதில்லை. மனுநீதிச் சோழன் கதை வேறு எதைப் பற்றியது? திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் கன்று விழுந்து சாகிறது. தாய்ப்பசு போய் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. பெரியபுராணத்தில் இந்தக் கதையைப் படிக்கும்போது நான் நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. அமைச்சர்கள் இளவரசனுக்காக வாதாடுகிறார்கள். அவன் வேண்டுமென்று செய்யவில்லை, கன்றுதான் எதிர்பாராமல் பாய்ந்து வந்தது, அதற்கு நூல்களில் பரிகாரம் இருக்கிறது என்கிறார்கள். இன்றைய கம்பெனி வக்கீல்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். சோழன் ஏற்கவில்லை.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே கதை இருக்கிறது. மகாவம்சம் எல்லாளனைப் பற்றிச் சொல்லும்போது, நீதி கேட்டு வருபவர் இழுக்க வசதியாக நீளக் கயிறு கட்டிய மணியொன்று அவன் கட்டிலின் தலைமாட்டில் தொங்கியது என்கிறது. அங்கும் கன்று, அங்கும் தேர், அங்கும் அரசனின் மகன். தமிழ் மன்னனை வென்ற கதையைச் சொல்லும் நூலே அவனுடைய மணியை மறைக்காமல் சொல்லியிருக்கிறது.

எங்கள் ஊர்ப் பெயருக்குப் பின்னாலும் இப்படி ஒரு கதை உண்டு. பாம்பனிலிருந்து ராமேஸ்வரத்துக்கு யாத்திரிகர்கள் மணலிலும் சேற்றிலும் நடந்துகொண்டிருந்த காலம். சேதுபதி மன்னரின் மருமகன் வழியை ஒழுங்கு செய்கிறேன் என்று யாத்திரிகர்களிடம் பணம் வசூலித்தான். அடியார்களிடம் காசு பிடுங்குவது சிவத்துரோகம் என்று மன்னர் அவனுக்கு மரண தண்டனை கொடுத்தார். அவனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்த மன்னரின் மகள்கள் இருவரும் உடன்கட்டை ஏறினார்கள். அவர்கள் நினைவாக எழுந்த மடங்கள்தான் அக்காள்மடமும் தங்கச்சிமடமும். ஊரில் இந்தக் கதையைப் பலவிதமாகச் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் நடு எலும்பு இதுதான்.

இந்தக் கதைகளை அப்படியே வழிகாட்டியாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இளவரசனைத் தேர்க்காலில் இட்டதால் கன்று பிழைக்கவில்லை. புராணத்தில் எல்லோரையும் எழுப்பிவிடச் சிவபெருமான் வரவேண்டியிருந்தது. எங்கள் ஊர்க் கதையில் யாரும் வரவில்லை. மன்னர் நீதி வழுவாதவர் என்று பெயர் பெற்றார், குற்றமே செய்யாத இரண்டு பெண்கள் எரிந்தார்கள். தண்டனை எவ்வளவு பெரியது என்பதில் நீதி இல்லை. தண்டனை பெரிதாக ஆக, அதைத் தாங்க ஏதாவது ஓர் எளிய உடலைத் தேடிப்பிடிக்கும் வேலையும் தொடங்கிவிடுகிறது. டெம்பியிலும் அதுதான் நடந்தது.

ஆனால் அந்த மணி தேவைப்படுகிறது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கிறோம். கதையில் முக்கியமான பொருள் மணியும் அதன் கயிறும்தான். பேச வாயில்லாத ஒரு மாடு, யாருடைய சிபாரிசும் இல்லாமல், அதிகாரம் இருக்கிற இடத்தில் சத்தம் எழுப்ப முடிந்தது. கேட்டவர் வெளியே வந்து ‘இது என் தேர்’ என்றார். எந்தத் தேர், யாருடைய தேர் என்று விசாரிக்க ஆறு வருடம் ஆகவில்லை.

*

இயந்திரத்திடம் முடிவை விடுவது எங்கள் தீவுக்குப் பழக்கமான விஷயம்தான். 1914ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்புக்கு மாறிவிடும். ரயில் நின்றுவிடும். ஓட்டுநரின் அனுபவத்தை யாரும் கேட்பதில்லை. பயணிகள் திட்டுவார்கள், மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிப்பார்கள். அந்தக் கருவியைப் பற்றி எந்தத் தத்துவ விவாதமும் எழவில்லை. காரணம் எளிது. அதற்கு ‘நில்’ என்று சொல்ல மட்டும்தான் அதிகாரம். அது தவறாகச் சொன்னால் நமக்கு இரண்டு மணி நேரம் நஷ்டம். ‘போ’ என்பதைச் சொல்ல எப்போதும் ஒரு மனிதர் இருந்தார்.

‘நில்’ என்று சொல்லும் இயந்திரங்களோடு வெகுகாலமாக வாழ்ந்துவிட்டோம். ஃபியூஸ், பாய்லரின் பாதுகாப்பு வால்வு, லிஃப்டின் கதவு எல்லாம் அந்த ஜாதி. தானாக ஓடும் கார் ‘போ’ என்று சொல்லும் இயந்திரம். இரண்டும் ஒன்றில்லை. கம்பெனிகள் இரண்டையும் பாதுகாப்புத் தொழில்நுட்பம் என்ற ஒரே பெயரில் விற்கின்றன. தானாகப் பிரேக் பிடிக்கும் காரை நான் மனதார வரவேற்பேன். தானாகக் கிளம்பும் காரிடம் கேட்க எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன.

மனிதர் ‘போ’ என்று சொல்வது சரியாகவே இருக்கும் என்பதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. ரயில்வே ஊழியர்கள் ஐவரையும் சேர்த்து 115 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சிக்னல் விழவில்லை, ஓட்டுநர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு நீளமாக விசில் ஊதிவிட்டுத் துணிந்து வண்டியை எடுத்தார் என்று இங்கே சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். அந்த ரயிலில் வந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. அவர் என்ன நினைத்தார், எதைப் பார்த்தார், யாரிடம் கேட்டார் என்பதை யார் வந்து சொன்னது? செத்தவர் மேல் முடிவை ஏற்றுவது சுலபம். அவர் மறுத்துப் பேசமாட்டார்.

இன்னொரு கதையில் மிஞ்சியவரே பேசியிருக்கிறார். தங்கச்சிமடத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் இருக்கிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் ஏவுதல். கலாம்தான் திட்ட இயக்குநர். கடைசி நிமிடங்களில் கணினி ‘நில்’ என்றது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. உடனிருந்த நிபுணர்கள், கையிருப்பு போதும், போகலாம் என்றார்கள். கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ராக்கெட்டை ஏவினார். முதல் அடுக்கு சரியாகப் போனது, இரண்டாம் அடுக்கு தடுமாறியது, ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது. இதைப் பல மேடைகளில் அவரே சொன்னார். அதோடு சேர்த்து இன்னொன்றும் சொன்னார். அன்று பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்தவர் இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவன். தோல்வி என்னுடையது என்று பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18ல் ராக்கெட் வெற்றி பெற்றபோது, பத்திரிகையாளர்களிடம் நீ போய்ப் பேசு என்று கலாமை அனுப்பினார்.

இதைத் தலைமைப் பண்புக்கு உதாரணமாகப் பள்ளிக்கூட விழாக்களில் சொல்வார்கள். எனக்கு இது பொறுப்பின் உதாரணம். கணினி சரியா, மனிதன் சரியா என்பதை விட, ‘போ’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது என்பதுதான் அதில் பெரிது. அந்த முகம் கீழே வேலை செய்த யாருடைய முகமும் இல்லை, மேலே இருந்தவரின் முகம்.

*

தானாக ஓடும் காரின் ஆதரவாளர்கள் இந்த இடத்தில் ஒரு நல்ல பதில் சொல்வார்கள். 1964ன் ஓட்டுநரைப் போல இயந்திரம் ரகசியத்தோடு சாகாது, ஒவ்வொரு விநாடியையும் பதிந்து வைக்கும், யார் ‘போ’ என்றது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். டெம்பியின் 5.6 விநாடியை நாம் அறிந்தது அப்படித்தான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பதிவு யார் கையில் இருக்கிறது? 2023 அக்டோபர் 2 இரவு சான் பிரான்சிஸ்கோவில், மனிதர் ஓட்டிய ஒரு கார் ஒரு பெண்ணை இடித்துத் தூக்கி எறிந்துவிட்டுத் தப்பி ஓடியது. அவர் விழுந்தது குரூஸ் நிறுவனத்தின் தானாக ஓடும் டாக்சியின் முன்னால். அது பிரேக் பிடித்தது, மோதியது, நின்றது. அதுவரை எந்த ஓட்டுநருக்கும் நடந்திருக்கக் கூடியது. பிறகு, மற்ற வண்டிகளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று ஓரம்கட்டுவதற்காக மறுபடி நகர்ந்தது. அடியில் அந்தப் பெண் இருந்தார். சுமார் இருபது அடி இழுபட்டார். கீழே ஓர் ஆள் கிடக்கலாம் என்ற சந்தேகம் அந்த இயந்திரத்துக்கு வரவில்லை. இழுத்துக்கொண்டு போன பகுதியை நிறுவனம் முதலில் தங்களுக்குக் காட்டவில்லை என்று கலிஃபோர்னியா மோட்டார் வாகனத் துறை குற்றம் சாட்டி, அந்த மாதமே உரிமத்தை நிறுத்தியது. அடுத்த வருடம், அமெரிக்க அரசின் விசாரணையைத் திசைதிருப்பும்படி பொய் அறிக்கை கொடுத்ததை ஒப்புக்கொண்டு நிறுவனம் 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. இயந்திரம் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தது. அதை வெளியே சொல்ல மனிதர்களுக்குத்தான் மனமில்லை. மணி அடித்தது, கயிற்றின் மறுமுனை அடிக்கப்பட்டவர் கையில் இல்லை.

இதனால்தான் விசாரிப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும் என்கிறேன். ரயில்வேயில் இந்த ஞானம் இருக்கிறது. ரயில் பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6ல் திறக்கப்படுவதற்கு முன், 2024 நவம்பரில் வந்து பார்த்த ஆணையர் குறைகளை எழுதிவைத்தார். பாலத்தில் இவ்வளவு வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் போட்டார். கட்டியவரே சான்றிதழ் கொடுத்துக்கொள்ளவில்லை. ரோட்டில் ஓடப்போகும் மென்பொருளுக்கு இப்படி ஓர் ஆள் நம்மிடம் இதுவரை இல்லை.

*

இவ்வளவு சொன்னதால் மனிதர்களே ஓட்டட்டும் என்று முடிக்க எனக்கு உரிமை வந்துவிடாது. 2022ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், மாநிலங்களிலேயே அதிகம். 17,884 சாவுகள். தூங்கிவழிந்த ஓட்டுநர், குடித்த ஓட்டுநர், போன் பேசிய ஓட்டுநர். கண்ணைப் பார்த்து ஒப்பந்தம் செய்கிற மனிதர்கள்தான் இவ்வளவு பேரையும் கொன்றார்கள். இன்னொரு பக்கம், வேமோ நிறுவனத்தின் கார்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓடிய சுமார் 2.5 கோடி மைல்களை மறுகாப்பீட்டு நிறுவனமான ஸ்விஸ் ரீ ஆராய்ந்து, உடற்காய இழப்பீட்டுக் கோரிக்கைகள் மனித ஓட்டுநர்களை விட 92 சதவீதம் குறைவு என்று 2024 கடைசியில் சொன்னது. ஆய்வில் வேமோவும் சேர்ந்திருந்தது, ரோடுகளும் அமெரிக்க ரோடுகள். எவ்வளவு தள்ளுபடி செய்தாலும் அந்த எண் லேசானதில்லை. சாவைப் பாதியாக்கும் ஒரு பொருளைத் தத்துவக் காரணம் சொல்லித் தடுத்தால், காப்பாற்றியிருக்கக் கூடியவர்களுக்குத் தடுத்தவன் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே கார் வரட்டும். ஆனால் எண்ணிக்கை குறைந்தது என்பது, செத்த ஒருவரின் வீட்டுக்குப் பதிலாகாது. தடுப்பூசி போல மொத்தத்தில் நல்லது என்று சொல்லிவிட்டு, விழுந்த ஒருவரைத் துரதிர்ஷ்டம் என்று கடந்துபோக முடியாது. அதுவும் அந்தத் துரதிர்ஷ்டம் எல்லோர் மேலும் சமமாக விழாதபோது. மென்பொருள் எந்த ரோட்டில் பாடம் படித்ததோ அந்த ரோட்டின் மனிதர்களை அது நன்றாகப் பார்க்கும். கூடை தலையில் இருப்பவரை, பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடும் சிறுமியை, ரோட்டோரம் வலை காயப்போடுபவரை அது எப்போது பார்த்திருக்கும்?

சட்டத்தில் ஏற்கெனவே ஒரு பாதி மணி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, தவறு யார் மேல் என்று நிரூபிக்காமலே இறந்தவர் குடும்பம் 5 லட்சமும், பலத்த காயம் பட்டவர் 2.5 லட்சமும் கேட்கலாம். கொடுக்க வேண்டியது வண்டியின் உரிமையாளர் அல்லது இன்சூரன்ஸ் கம்பெனி. ‘யார் தவறு’ என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு ‘யார் பொறுப்பு’ என்று கேட்ட நல்ல சட்டம். ஆனால் தானாக ஓடும் காரில் உரிமையாளர் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பயணி. அவர் ‘போ’ என்று சொல்லவில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவோ, கவனக்குறைவாக இருப்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

பிரிட்டன் 2024 மே மாதம் இதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. கார் தானாக ஓடும் நேரத்தில், ஓட்டும் முறைக்கு உள்ளே இருப்பவர் குற்றவாளி ஆகமாட்டார். அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனம் முன்கூட்டியே பெயர் கொடுத்துப் பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்க ஆள் இல்லையென்றால் அந்தக் கார் தானாக ஓட அனுமதி இல்லை. நமக்கு வேண்டிய சட்டத்தின் முதல் வரி இதுதான் என்று நினைக்கிறேன். விபத்து நடந்த பிறகு பொறுப்பாளியைத் தேடக் கூடாது. கார் கிளம்புவதற்கு முன்பே அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். பதிவுகள் நிறுவனத்தின் அலமாரியில் இருக்கும் அதே நேரம் இன்னோர் இடத்திலும் இருக்க வேண்டும். விசாரிப்பவர் அந்தக் காரை அனுமதித்த துறையின் ஆளாக இருக்கக் கூடாது. காருக்குள் ஒரு மனிதரை உட்காரவைத்தால், அவருக்குக் கொடுத்த அதிகாரத்துக்கு மேல் அவரிடம் பழி போகக் கூடாது. அதோடு, ஊரின் நடையைக் கார் கற்றுக்கொள்ள வேண்டுமே தவிர, காருக்காக ஊர் நடக்கக் கற்றுக்கொள்ளக் கூடாது. நாளைக்கு நெடுஞ்சாலையின் இருபுறமும் வேலி போட்டுவிட்டு, வேலி தாண்டியவன்தான் குற்றவாளி என்று ஒரு புதுச்சொல்லை நமக்கும் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள். அந்தச் சொல்லைத் தமிழுக்குள் விடாமல் இருப்பது நம் வேலை.

கடைசியாக, கயிற்றின் நீளம். எல்லாளனின் மணிக்குக் கயிறு நீளமாக இருந்தது என்று அந்த நூல் ஏன் குறிப்பிட்டது என்று யோசித்திருக்கிறேன். மணி அரசனின் தலைமாட்டில் இருந்தது. கயிறு தெருவில் நிற்கும் மாட்டின் வாய்க்கு எட்டியது. இடையில் இருந்த காவலர்கள், வாசல்கள், மதில்கள் எல்லாவற்றையும் கடந்து அது வந்திருக்கிறது. மென்பொருளை எழுதுகிற இடத்துக்கும் எங்கள் கடற்கரைக்கும் நடுவே உள்ள தூரம் அதை விடப் பெரிது. ஒப்பந்தங்கள், மொழிகள், நாடுகள், நேர மண்டலங்கள் குறுக்கே இருக்கின்றன. மீன் விற்றுவிட்டு வரும் ஒரு பெண், தமிழில், தன் ஊர்க் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுக்கும் ஒரு தாள், ‘போ’ என்று சொன்னவரின் தலைமாட்டில் போய்ச் சத்தம் எழுப்ப வேண்டும். அந்த அளவுக்கு நீளமான கயிற்றை முதலில் கட்டட்டும். பிறகு பாலம் தாண்டி வரட்டும்.